விருந்தினருக்காகத் திறந்த தொட்டி

வெள்ளிக்கிழமை தோல் பதனிடும் ஷாப்புக்கு விடுமுறை. காலை எட்டு மணிக்கெல்லாம் அதன் மேஸ்திரி ஆதிகேசவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆம்பூரில் தம் வீட்டுப் புழக்கடையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டுக்குள் ஒரு குளியலறை இருந்தது. அதாவது, அவர் கண்ணுக்கு மட்டும் இருந்தது. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்தவை தகரத் தடுப்புப் போட்ட குளிக்குமிடமும், சுவரோரம் நின்ற எடுப்புக் கக்கூஸும், இரண்டுக்கும் நடுவே கற்பலகைகளால் மூடிக் கிடந்த ஒரு பழைய தொட்டியுந்தாம்.

"கதவு அங்க வேணாங்க. கூடத்துல உக்காந்தா மொதல்ல அந்தக் கதவா கண்ணுல படணும்?" என்றாள் அவர் மனைவி மனோரமா, அடுப்படி வாசலில் நின்றபடி.

"பின்ன எங்க வெக்கிறது? கூரை மேலயா?"

நூலின் மறு முனையைப் பிடித்துக்கொண்டிருந்த கொத்தனார் வேலாயுதம் சிரித்தார். "அம்மா சொல்றது சரிதான் மேஸ்திரி. கதவைக் கெணத்துப் பக்கம் திருப்பிடலாம். வர்றவங்க கை கால் அலம்பிக்கினு நேரா கூடத்துக்குப் போய்டுவாங்க."

"திருப்பினா உள்ள அரையடி கம்மியாவுது."

"அரையடியில இன்னா குடியா மூழ்கிடும்?"

"பெரம்பூர் சம்பந்தியம்மா கொஞ்சம் பூசினாப்ல இருப்பாங்களாம். உள்ள மாட்டிக்கினாங்கன்னா நீ வந்து இழுத்து வுடுவியா?"

மனோரமா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மகள் சாவித்திரியின் முறம் ஒரு நொடி நின்று, பிறகு மறுபடி ஓடியது.

சிரிப்புக்கு அடியில் எல்லோருக்கும் ஒரே கவலைதான். இந்தச் சின்ன வீட்டில் இரண்டே அறைகள். சாவித்திரிக்குப் பத்தொன்பது வயது. போன தை மாதம் காவேரிப்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் தாயார் பஜ்ஜி சாப்பிட்டார். சாவித்திரியின் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு 'கொல்லைப்பக்கம்' போய்விட்டு வந்தார். வந்தவர் காப்பியைக் கையால் தொடவில்லை. பகல் பஸ்ஸுக்கே புறப்பட்டுவிட்டார்கள். எடுப்புக் கக்கூஸின் வாளியை அன்று எடுக்க வரவேண்டியவள் காய்ச்சலில் கிடந்தாள் என்பதை யாரிடம் போய் விளக்குவது? அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

இப்போது பெரம்பூரிலிருந்து வந்திருப்பது அதைவிட மேலான இடம். பையனுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. தந்தை நந்தகோபால் கைப்படக் கடிதம் எழுதியிருந்தார். பெண்ணைப் பற்றி நல்லபடியாகக் கேள்விப்பட்டதாகவும், பன்னிரண்டாம் நாள் குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கி, தாம்பூலம் மாற்றிக்கொண்டே திரும்புவதாகவும் அதில் இருந்தது. அவர்கள் குடியிருக்கும் ரயில்வே வீட்டில் சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும் கக்கூஸ் உண்டு என்பதைக் கடிதம் சொல்லவில்லை. பெரம்பூருக்குப் போய் வந்த மனோரமாவின் தம்பி கிருஷ்ணராஜ் சொன்னான். அன்று முதல் ஆதிகேசவனுக்குச் சோறு இறங்கவில்லை. விருந்தினருக்கென்று ஒரு குளியலறை, அதற்குள்ளேயே வெள்ளைப் பீங்கான் வைத்த கக்கூஸ். பன்னிரண்டு நாளில் அது எழும்பாவிட்டால் இந்தச் சம்பந்தமும் பகல் பஸ்ஸில் ஏறிவிடும் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

"எல்லாம் சரி மேஸ்திரி. சுவத்த நாலு நாள்ல எழுப்பிடுவேன். கழிவு போறதுக்குத் தொட்டி வேணுமே" என்றார் வேலாயுதம். அவர் வேலூரில் ஒரு பாதிரியார் பங்களாவில் அத்தகைய தொட்டி கட்டிப் பழகியவர். "இது பாறை மண்ணு. ஏழடி தோண்டணும்னா பத்து நாள் ஆவும்."

ஆதிகேசவன் காலால் தரையைத் தட்டினார். காலின் கீழே இருந்தது அந்தப் பழைய தொட்டியின் கற்பலகை.

"இது இன்னாத்துக்குக் கீது?"

அந்தத் தெரு முழுவதும் ஒரு காலத்தில் தோல் பதனிடும் இடமாக இருந்தது. யுத்தத்துக்கு முன்பே அது மூடப்பட்டு, நிலம் மனை மனையாக விலை போயிற்று. ஆதிகேசவன் 1941இல் வீடு கட்டியபோது, தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் தொட்டி ஒன்று புழக்கடையில் சிக்கியது. தூர்க்க மனமில்லாமல் பலகை போட்டு மூடிவைத்தார். பதினோரு ஆண்டுகளாக அதன்மேல் பாத்திரம் கவிழ்த்து உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"காரை பூசின தொட்டி. சொட்டுத் தண்ணி கசியாது. நம்ம ஷாப்புல இந்த மாதிரி நாப்பது தொட்டி கீது, எனக்குத் தெரியாதா? உள்ள கெடக்குற சேத்த மட்டும் வாரிப்புட்டா, உனக்குத் தொட்டி ரெடி."

வேலாயுதத்துக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. "வாரிக் குடுத்துடுங்க. திங்கக்கெழம கல்லு எறக்கிடறேன்."

அந்நேரம் சந்துக் கதவு திறந்தது. ஆரோக்கியமேரி வாளியும் தகரமுமாக உள்ளே வந்தாள். எடுப்புக் கக்கூஸை அன்றாடம் சுத்தம் செய்பவள் அவள். பதினோரு ஆண்டுகளாக அந்தக் கதவுக்கு இந்தப்புறம் பத்தடிக்கு மேல் வந்தறியாதவள். அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் 'ஏம்மா' என்பதுதான்.

"ஏம்மா, உன் வூட்டுக்காரனும் முனிசிபாலிட்டிலதான கீறான்? ஞாயித்துக்கெழம காலைல இட்டுக்கினு வா. இந்தத் தொட்டியில கொஞ்சம் சேறு. நாலு வாளி வாரிக் குடுத்தாப் போதும்."

ஆரோக்கியமேரி தொட்டியைப் பார்த்தாள். "எவ்ளோ நாளா மூடிக் கெடக்குதுங்க மேஸ்திரி?"

"அது இருக்கும், பத்துப் பன்னெண்டு வருஷம்."

"அப்போ பலகையெல்லாம் எடுத்துட்டு ரெண்டு நாளு தொறந்து வெச்சீங்கன்னா நல்லதுங்க. மூடின குழி சூடு புடிச்சிக் கெடக்கும்."

"ரெண்டு நாளா?" என்று மனோரமா குரலை உயர்த்தினாள். "அந்த நாத்தத்துல நான் இன்னா சமைக்கிறது, யாரு சாப்பிடறது? அதெல்லாம் வேணாம். தொறந்த கையோட வாரி, வாரின கையோட மூடிப்புடணும்."

"கேட்டுக்கினியா?" என்றார் ஆதிகேசவன். "தொட்டியப் பத்தி எனக்கு நீ சொல்லித் தரவேணாம்மா. பத்தொம்பது வருஷமா தொட்டி ஓரத்துலயே நிக்கிறவன் நான்."

'மாட்டேன்' என்ற சொல்லை ஆரோக்கியமேரியிடம் யாரும் எதிர்பார்த்ததில்லை. அவளும் சொல்லிப் பழகியதில்லை. "காலைல பூசைக்குப் போவாருங்க. முடிஞ்சதும் வரச் சொல்றேன்" என்று கூறி, வாளியை எடுக்கப் போனாள். பேச்சு மறுபடி கதவுக்குத் திரும்பியது. கண்ணாடியை எங்கே மாட்டுவது, சோப்பு வைக்கச் சுவரில் மாடப்பிறை விடுவதா, பலகை அடிப்பதா, தரைக்குச் செங்கல்லா, கடப்பைக் கல்லா என்று பகல் சாப்பாடு வரைக்கும் அவர்கள் பேசினார்கள். ஒரு மனிதர் ஏழடி ஆழத்தில் எப்படி இறங்குவார், எப்படி ஏறுவார் என்று ஒருவரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆதிகேசவன் ஷாப்பில் அரைநாள் விடுப்புச் சொல்லியிருந்தார். ஒன்பது மணி சுமாருக்கு ஆரோக்கியமேரியும் அவள் கணவர் சவரிநாதனும் வந்தார்கள். கோயிலிலிருந்து நேராக வந்தவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. சலவை செய்த வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. சட்டையைக் கழற்றி, அழுக்குப் படாமல் நான்காக மடித்து மனைவியிடம் கொடுத்தார்.

"கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களாம்மா?" என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"வேலைய முடிச்சிட்டு வரட்டும். காப்பியே குடுத்துடலாம்" என்று உள்ளிருந்தே பதில் வந்தது.

வேலாயுதமும் ஆதிகேசவனும் கடப்பாரையால் ஒரே ஒரு பலகையை நெம்பி நகர்த்தினார்கள். மற்றவற்றையும் எடுத்தால் நாற்றம் கூடத்துக்குப் போகும். திறந்த இடம் ஒரு மனிதரின் தோள் நுழையும் அகலம். அழுகிய முட்டையின் வாடை குப்பென்று எழுந்தது; சாவித்திரி அடுப்படிக் கதவைச் சாத்தினாள். சவரிநாதன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, சுவர் விளிம்பைப் பற்றி உள்ளே இறங்கினார்.

முதல் வாளி மேலே வந்தது. கறுத்த சேறும், பழைய ஆட்டு மயிரும். ஆரோக்கியமேரி அதை வாங்கிச் சந்தில் கொட்டினாள். இரண்டாம் வாளியும் வந்தது.

"கண்ணு எரியுதுங்க மேஸ்திரி" என்று கீழிருந்து குரல் கேட்டது.

"சுண்ணாம்பு எரியாம குளிருமா? சேத்தக் கெளறிக் கெளறி நிக்காத. சீக்கிரம் வாரு" என்றார் ஆதிகேசவன். சொல்லிவிட்டு, கதவு நிலைக்கு மாமரமா, வேம்பா என்று வேலாயுதத்தைக் கேட்டார். வேம்புதான் என்றார் வேலாயுதம். மாமரத்தை ஈரத்தில் செல் அரித்துவிடுமாம்.

மூன்றாம் வாளியின் கயிறு அசையவில்லை.

ஆதிகேசவன் இழுத்துப் பார்த்தார். வாளி வெறுமையாக மேலே வந்தது. குனிந்து பார்த்தார், இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? அந்த மனிதரின் பெயர் அவருக்குத் தெரியாது.

"யோவ்" என்றார். "யோவ், இன்னாய்யா ஆச்சு?"

சந்திலிருந்து ஓடிவந்த ஆரோக்கியமேரி தொட்டியின் விளிம்பில் மண்டியிட்டு, "சவரி... சவரி..." என்று அழைத்தாள். பதினோரு ஆண்டுகளில் அந்த வீட்டுக்குள் அந்தப் பெயர் ஒலித்தது அதுவே முதல் தடவை. தொட்டியிலிருந்து பதில் இல்லை.

அவள் காலைத் தொங்கவிட்டு இறங்கத் தொடங்கினாள். அந்தக் கணத்தில் முன்வாசல் வழியாக வந்து நின்றார் கவுஸ் பாஷா. ஆதிகேசவனிடம் ஷாப்பில் தொட்டி வேலை பார்ப்பவர். ஆவாரம்பட்டைக் கிடங்கின் சாவி மேஸ்திரியிடம் தங்கிவிட்டது என்று வாங்கிப் போக வந்தவர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாடை மூக்கில் ஏறியதும் பாய்ந்து வந்து ஆரோக்கியமேரியின் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார்.

"எறங்காத தாயீ, எறங்காத." பிறகு நிமிர்ந்து ஆதிகேசவனைப் பார்த்தார். "மேஸ்திரி, வெளக்கு எறக்கினீங்களா?"

இறக்கவில்லை.

"இடுப்புல கயிறு?"

அதுவும் இல்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் வாஹித் பாஷா என்ற தொழிலாளி ஷாப்பில் மூடிக் கிடந்த தொட்டியில் இறங்கி, குற்றுயிராய்த் தூக்கப்பட்டார். அன்று முதல் அங்கே ஒரு விதி உண்டு. மூடிய தொட்டியின் பலகைகளை எல்லாம் எடுத்து, ஒரு பகலும் ஓர் இரவும் காற்றாட விடவேண்டும். எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்க்கவேண்டும். விளக்கு அணையாவிட்டால்தான், இடுப்பில் கயிறு கட்டிய ஆள் இறங்கவேண்டும். மேலே இருவர் கயிற்றைப் பிடித்து நிற்கவேண்டும். இந்த விதியை வகுத்தவர் முதலாளி அல்லர், ஆதிகேசவனேதாம். விளக்கு இறக்காமல் இறங்கப் பார்த்த ஒருவனை எல்லோரும் பார்க்க அறைந்திருக்கிறார். வேலை தாமதமாகிறது என்று முதலாளி அப்துல் கஃபார் சாகிபே முணுமுணுத்தபோது, "போன தோலு வேற வாங்கலாம் பாய், போன ஆளை எங்க வாங்குறது?" என்று எதிர்த்துச் சொன்னவர் அவர்.

மறதி என்றால் மன்னிக்கலாம். அவர் மறக்கவில்லை. அந்த விதி தம் வீட்டுப் புழக்கடைக்கும் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை, அவ்வளவுதான். ஷாப்பில் இறங்குபவர்கள் அவருடைய ஆட்கள். இங்கே இறங்கியவர் வாளி தூக்குகிறவளின் புருஷன்.

கவுஸ் பாஷா அடுப்படிக்குள் புகுந்து, கையில் அகப்பட்ட அரிக்கன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினார். ஒரு முழம் இறங்கிற்று. இரண்டு முழம் இறங்குவதற்குள் சுடர் சுருங்கி, நீலமாகி, இல்லாமற்போயிற்று. அவர் பின்னாலேயே ஓடிவந்த மனோரமாவோடு சேர்த்து ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள். அடுப்படி வாசலுக்கு வந்த சாவித்திரியும் பார்த்தாள்.

"எவனும் எறங்கக் கூடாது. பலகைய நெம்புங்க. எல்லாத்தையும்" என்றார் கவுஸ் பாஷா. மேஸ்திரிக்குத் தொழிலாளி உத்தரவிட்டார், மேஸ்திரி கீழ்ப்படிந்தார். பலகைகள் ஒவ்வொன்றாகப் புரண்டன. வெளிச்சம் விழுந்ததும், சேற்றில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த முதுகு தெரிந்தது.

கொக்கி வேண்டும். அந்த வீட்டில் இருந்த ஒரே கொக்கி, கிணற்றில் விழுந்த குடத்தையும் வாளியையும் எடுக்கிற பாதாளக்கரண்டிதான். அதைத்தான் வீசினார்கள். முதல் தடவை அது சேற்றை அள்ளிக்கொண்டு வந்தது. இரண்டாம் தடவை தோளில் பட்டு வழுக்கியது. பட்ட இடத்தில் தோல் கிழிந்ததை ஆரோக்கியமேரி பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்றாம் தடவை அரைஞாணில் மாட்டிற்று. மூன்று ஆண்களும் சேர்ந்து இழுத்தார்கள். விருந்தினர் குளியலறைக்காகச் சுண்ணாம்புக் கோடு போட்ட தரையில், கிணற்றில் தவறிய பாத்திரத்தைப்போல ஒரு மனிதரை எடுத்துக் கிடத்தினார்கள்.

மனோரமா சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். எட்ட நின்று ஊற்றுகிறவள் அன்று மண்டியிட்டு, அவர் தலையை மடியில் தாங்கி, சொம்பின் விளிம்பை அவர் உதட்டிலேயே வைத்தாள். தண்ணீர் உள்ளே போகவில்லை. கடைவாய் வழியே வழிந்து அவள் சேலையை நனைத்தது.

ஜட்கா வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாட்காலை காவல் நிலையத்துக்குப் போகும் ஜட்காவில், ஆதிகேசவனின் பக்கத்தில் கிருஷ்ணராஜ் உட்கார்ந்திருந்தான். குடியாத்தத்தில் பத்திரம் எழுதுகிறவன்; எந்த நிலத்துக்கும் எந்த எல்லையையும் எழுத்தில் நகர்த்தத் தெரிந்தவன். சேதி கேட்டு முந்தைய மாலையே ஓடிவந்திருந்தான்.

"மாமா, பேஜாராவாதீங்க. நான் நேத்தே ஏட்டுகிட்ட காதுல போட்டுட்டேன். அந்த ஆளு குடிச்சிருந்தான். நீங்க வேணாம் வேணாம்னு சொல்லியும் போதையில எறங்கிட்டான். இந்த ஆளுங்க குடிக்கிறது ஊருக்கே தெரிஞ்ச விஷயம், யாரு இல்லன்னுவான்?"

"கவுஸ் பாஷா இருந்தாரு. வேலாயுதம் இருந்தாரு."

"வேலாயுதம் உங்க வேலைய நம்பி நிக்கிறவன். பாய் உங்களுக்குக் கீழ இருக்குறவன். நீங்க சொன்னா அவங்க இல்லம்பாங்களா?" கிருஷ்ணராஜ் குரலைத் தாழ்த்தினான். "கேஸு ஆச்சுன்னா பேப்பர்ல வந்துடும். பெரம்பூர்க்காரங்க நம்ம தெருப்பக்கம் தலை வெச்சிப் படுப்பாங்களா? ஒரே வார்த்தை மாமா. 'குடிச்சிருந்தான்.' சாவித்திரி கழுத்துல தாலி ஏறிடும். உங்க பொண்ணு பெருசா, செத்துப்போனவன் பெருசா?"

ஆதிகேசவனுக்கு மகளின் முகம் கண்முன் வந்தது. காவேரிப்பாக்கத்தார் போன அன்று, யாரும் தொடாத காப்பியை அவளே எடுத்துப்போய்க் கொட்டிய காட்சியும் வந்தது.

நிலையத்துத் தாழ்வாரத்தில் ஆரோக்கியமேரி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தைய நாள் கணவரிடமிருந்து வாங்கிய சட்டை இன்னும் அவள் கையிலேயே, மடிப்புக் கலையாமல் இருந்தது.

ஏட்டு காகிதத்தை விரித்தார். "வாங்க மேஸ்திரி. செத்த ஆளு குடிச்சிட்டு வந்தான்னு உங்க மச்சான் சொல்றாரு. அப்படித்தானா?"

ஆதிகேசவன் வாய் திறப்பதற்கு முன், தாழ்வாரத்திலிருந்து குரல் வந்தது. உரத்த குரல் அன்று. அழுது தீர்ந்த குரல்.

"அவரு பூசையில நன்மை, அதான் அந்தத் திருவப்பம், வாங்குன நாளுங்க, ஏட்டய்யா. நன்மை வாங்கணும்னா முந்தின ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல பச்சத் தண்ணி வாயில படக் கூடாது. கோயில்லருந்து நேரா இவங்க வூட்டுக்குத்தான் வந்தாரு. இவங்க வூட்டுலதான் மொதல்ல தண்ணி கேட்டாரு. நாங்க சொல்றத எழுதுவீங்களோ, மாட்டீங்களோ. மேஸ்திரியக் கேளுங்க. அவருக்குத் தெரியும்."

ஏட்டு பேனாவை மைக்கூட்டில் தோய்த்துவிட்டு, ஆதிகேசவனைப் பார்த்தார். கிருஷ்ணராஜ் பின்னாலிருந்து மெல்ல இருமினான்.

ஒரு சொல். அந்த ஒரு சொல்லை எடுத்து வைப்பதற்கு ஆதிகேசவனின் நாக்கு தயாராகத்தான் இருந்தது. அது எழுதப்பட்டுவிட்டால், வெறும் வயிற்றோடு இறந்த மனிதர் என்றென்றைக்கும் குடிகாரர். பாதாளக்கரண்டியால் ஒருமுறை கிழித்தது போதாதென்று, பேனாவால் இன்னொரு முறை கிழிப்பதா? அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"குடிக்கலீங்க" என்றார். "தண்ணி கேட்டாரு. அதக்கூட நாங்க குடுக்கல."

"மாமா" என்றான் கிருஷ்ணராஜ்.

"எழுதிக்குங்க ஏட்டய்யா. மூடின தொட்டியில வெளக்கு எறக்காம ஆளை எறக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். கயிறு கட்டணும்னு தெரியும். ரெண்டு நாளு தொறந்து வெய்யுங்கன்னு இந்தம்மாவும் சொன்னாங்க. வூட்டுல நாத்தம் வரும்னு நாங்க கேக்கல. கண்ணு எரியுதுன்னு அவரு சொன்னப்ப, சீக்கிரம் வாருன்னு வெரட்டினவன் நான். அவரு பேரு சவரிநாதன். அதைக்கூட அவரு செத்தப்புறம்தான் தெரிஞ்சிக்கினேன்."

எழுதிக்கொண்டே வந்த ஏட்டு, பேனாவை நிறுத்தினார். "இவ்ளோ தெரிஞ்சவரு, ஏன்யா வெளக்கு எறக்கல?"

"ஷாப்புல எறங்குறவன் மனுஷன்னு தெரிஞ்சிது. இங்க எறங்குறவரும் மனுஷன்னு தோணல. வேற காரணம் ஒண்ணும் இல்லீங்க."

வழக்குப் பதிவாயிற்று; ஆதிகேசவனை ஜாமீனில் விட்டார்கள். வேலாயுதமும் கவுஸ் பாஷாவும் அன்று மாலையே வந்து, நடந்ததை நடந்தபடி சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். கவுஸ் பாஷா வெளியே வந்து ஆதிகேசவனின் கையை ஒரு கணம் பிடித்தார்.

வீட்டில் எடுப்புக் கக்கூஸின் வாளி நிரம்பிற்று. யாரும் வரவில்லை. யாரையும் கூப்பிடவும் ஆதிகேசவன் விடவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் தாமே வாளியைத் தூக்கிக்கொண்டு சந்து வழியே நடந்தார். சாலையில் பல் துலக்கிக்கொண்டு நின்றவர்கள் குச்சியை வாயிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருவர், "இன்னா மேஸ்திரி, ஆளு வரலியா?" என்று கேட்டார். "வந்த ஆளைக் கொன்னுட்டேன்" என்று பதில் சொல்லிவிட்டு ஆதிகேசவன் நடந்தார். கேட்டவருக்குக் குச்சி கையிலிருந்து விழுந்தது.

ஆறாம் நாள் அவர் வாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, தபால் வந்தது. கிருஷ்ணராஜ்தான் பிரித்தான். பெரம்பூர் நந்தகோபால் இரண்டே வரி எழுதியிருந்தார்: போலீஸ் வழக்கு நடக்கிற இடத்தில் சம்பந்தம் செய்துகொள்ள வீட்டில் பெரியவர்கள் விரும்பவில்லை, தாங்கள் மன்னிக்கவேண்டும்.

"பார்த்தீங்களா?" என்று கிருஷ்ணராஜ் கடிதத்தை ஆட்டினான். "ஒரே வார்த்தையில முடிஞ்சிருக்கும். இப்ப வாளி தூக்குறீங்க. தோட்டி வேலை பாக்குற வூட்டுல இனிமே எவன் பொண்ணு எடுப்பான்? சொல்லு சாவித்திரி, உன் வாழ்க்கையக் கெடுத்தது யாரு?"

சாவித்திரி கடிதத்தை வாங்கிப் படித்தாள். அவள் கண் நிறைந்தது, மறைக்கவில்லை.

"எனக்கு அழுகை வருது மாமா. அந்த எடம் எனக்குப் புடிச்சித்தான் இருந்திச்சி. ஆனா ஒண்ணு கேக்குறேன். வர்றவங்க மூக்கைச் சுளிக்கக் கூடாதுன்னு நம்ம எல்லாருமா உக்காந்து யோசிச்சோம். நானும் கூடத்துல இருந்து கேட்டுக்கினுதான் இருந்தேன். எறங்குறவருக்கு மூச்சு இருக்குமான்னு ஒருத்தராவது யோசிச்சோமா? அப்பா அன்னிக்குப் பொய் சொல்லியிருந்தா, நான் தாலி கட்டிக்கினு போற வூட்டுல வாய்க்குள்ள தண்ணி எறங்குமா எனக்கு?"

மனோரமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு விசும்பினாள். ஆதிகேசவன் கையைத் துடைத்துக்கொண்டு மைத்துனனின் எதிரில் வந்து நின்றார்.

"தோட்டி வேலைன்னு சொன்னியே கிருஷ்ணராஜு. இதுல கேவலம் வாளியத் தூக்குறது இல்ல. நம்ம அசிங்கத்த நாமளே போட்டுட்டு, அத எடுக்க இன்னொரு மனுஷன் பொறந்திருக்கான்னு நெனக்கிறோம் பாரு, அதுதான் கேவலம். எந்த மனுஷனும் இன்னொரு மனுஷனோட கழிவுக்காகக் குழியில எறங்கக் கூடாது. இல்ல, எறங்கித்தான் ஆவணும்னு எவனாவது சொன்னா, மொதல்ல அவன் எறங்கட்டும். இல்ல, அவன் பெத்த புள்ளைய எறக்கட்டும். நீ எறங்குவியா?"

கிருஷ்ணராஜ் பையை எடுத்துக்கொண்டு பகல் பஸ்ஸுக்குப் புறப்பட்டான். தம் வீட்டுக் குழியில் இறங்க வேறொரு வீட்டு ஆளைத் தேடுகிற எவரிடமும் அந்தக் கேள்விக்கு விடையில்லை.